எடை பார்த்த மன்னன்



ரோமாபுரியின் தினாரியஸ், நம் பழைய 25 பைசா அகலமே உள்ள வெள்ளிக்காசு. கார்த்தேஜின் தளபதி ஹானிபலோடு போர் நடந்த காலத்தில், கி.மு. 211 வாக்கில் பிறந்தது. முதற்காசுகளில் ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. மறுபக்கம் குதிரையில் பாயும் இரட்டைத் தெய்வங்கள். உயிரோடிருக்கும் மனிதனுக்கு அங்கே இடமில்லை.

அந்த மரபை மீறியவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 44இல் தன் முகத்தையே பொறிக்கச் செய்தார். அதே ஆண்டு மார்ச் 15இல் அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், ஓரிரு ஆண்டுகளில் தானும் காசு அடித்தார். அதில் இரண்டு குத்துவாள்கள். நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய். கீழே, கொலை நடந்த நாளின் பெயர். 'கொன்றோம், விடுவித்தோம்' என்று சொல்லாமல் சொல்லும் படம்! சரி, காசைத் திருப்புங்கள். அங்கே யார்? சாட்சாத் புரூட்டஸ்! எதற்காகச் சீசரைக் கொன்றாரோ, அந்த ஆசை கொன்றவரையும் விடவில்லை.

படம் பேசும், ஐயா. பேசுவதெல்லாம் மெய்யா?

இதற்கு விடை இலங்கையில் இருக்கிறது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகை எடுத்தவரின் ஆள் ஒருவன் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அங்கே கரை சேர்ந்தான் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. அவனிடமிருந்த தினாரியஸ்களை அந்நாட்டு மன்னன் பார்த்தான். முகங்கள் வேறு வேறு; எடை மட்டும் ஒன்றே. மன்னன் வியந்தது அந்த எடையைத்தான்!

நம் கோவை வட்டாரத்து ரோமக் காசுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பவையும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நல்ல வெள்ளிக்காசுகளே.

பிறகு வந்தார் பேரரசர் நீரோ. கி.பி. 64இல் காசின் எடையைக் குறைத்தார், வெள்ளியையும் குறைத்தார். காசில் அவர் முகம் மட்டும் பெருத்துக்கொண்டே போனது! இருநூறு ஆண்டு கழித்து, பேரரசர் கேலியேனஸ் ஆட்சியின் முடிவில், 'வெள்ளிக்காசில்' நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. ஆனால் அவர் காசுகள் சிலவற்றின் பின்பக்கம் யார் தெரியுமா? வளத்தை வாரிக் கொட்டும் செழிப்புத் தேவி!

ஆள்வோர் எந்த நாளும் நமக்குப் படம் காட்டுவார்கள். பார்ப்போம், ரசிக்கவும் செய்வோம். ஆனால் கைதட்டுவதற்கு முன்னால், அந்த இலங்கை மன்னனைப் போல் எடை போட்டுப் பார்ப்போம்.