ஊரின் குரலாகப் பாரிஷ்



இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் 1974-இல் அமைந்த ரைடேல் என்னும் ஊரக மாவட்டம் 2023 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, பெரிய மன்றமொன்றில் இணைந்தது. அதன் உட்பிரிவுகளான பாரிஷ்களோ நிலைத்தன.

தேவாலய எல்லையாகத் தோன்றிய பாரிஷுக்கு, 1894-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை அளித்தது. இடுகாடு, விளையாட்டுத் திடல், தெருவிளக்கு முதலியவற்றை அது பேணலாம். மன்றமில்லாச் சிற்றூர்களில் வாக்காளர் அனைவருக்கும் உரிய பாரிஷ் கூட்டம் ஆண்டுக்கு இருமுறையேனும் கூட வேண்டும்.

பள்ளியும் சாலையும் பாரிஷின் பொறுப்பல்ல. கட்டட அனுமதியில் கருத்துரைக்கலாம், முடிவெடுக்க இயலாது. எனினும், தனக்கு வேண்டிய தொகையை அதுவே தீர்மானிக்கிறது. மேல்மன்றம் அதனை வரியோடு வசூலித்துத் தர வேண்டும்.

அதிகாரம் சிறிதே. ஆயினும் மாவட்டம் மறைந்தபோதும் ஊர் தன் குரலையும் நிதியையும் இழக்கவில்லை. ஊராட்சியைப் பயில்வோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.