ஏரிக்கரையும் மனநலமும்



ஊரில் திண்ணையும் குளத்தங்கரையுமாக வாழ்ந்த பெற்றோரை, பிள்ளைகள் இந்தக் கொல்கத்தா நகருக்கு அழைத்து வருகின்றனர். உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆயினும், மாடி அறையில் நாளெல்லாம் சுவரை நோக்கியிருக்கும் முதியோரின் உள்ளம் வாடுகின்றது. அவ்வாட்டத்தைத் தணிக்கும் இடமொன்று நம் அருகிலேயே உள்ளது.

1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், நகரின் தென்பகுதியில் சுமார் 192 ஏக்கர் சதுப்பு நிலத்தைப் பெற்று, பெரிய ஏரியொன்றை வெட்டுவித்தது. 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் சுமார் 73 ஏக்கர் நீர்ப்பரப்பாகும்.

மரமும் நீரும் மனத்துக்கு நலம் என்பது கவிஞர் கூற்று மட்டுமன்று. அமெரிக்க அறிஞர் ரோஜர் உல்ரிச் 1984-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோருள், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளையும் குறைவாகவே உட்கொண்டனர். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு, வாரத்தில் 120 நிமிடமேனும் இயற்கைவெளியில் கழிப்போரிடையே உடல்நலமும் மனநிறைவும் மிகுந்திருக்கக் கண்டது. அந்நேரத்தை ஒரே நாளில் கழிப்பினும், பல நாட்களாகப் பகிரினும் வேறுபாடில்லை.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நம்மால் இயலாததா? மாலையில் பெரியவர்களைக் கைப்பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். நம் மொழி பேசும் மற்றொருவரை அங்கே காணின், தனிமையும் பாதி நீங்கும். அந்நீரையும் நிழலையும் மாசுபடாது காப்பதும் நம் கடனே. பெற்றோருக்குச் சோறிடுவது கடமை. வானமும் நீரும் காணச் செய்வதும் அதனோடு சேர்ந்ததே.