கொழும்பு வாடகையும் தோட்டத்துப் பேரும்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்டில் வாடகை உச்சத்தில் நிற்பது கொழும்பில்தான். கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டப் பேச்சு நமக்கு வேண்டாம். அங்கே லட்சத்தில் பேசுவார்கள். நம் பிள்ளைகள் தங்குவது கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துப் போர்டிங்குகளில்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன் புறக்கோட்டையில் புடவைக்கடையில் நிற்கிறார். சம்பளம் 40,000 ரூபா. நான்கு பேர் படுக்கும் அறையில் அவர் பங்கு 12,000. மூன்று மாத முற்பணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. சாப்பாடு, பஸ் காசு போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

அம்மாவின் கணக்கையும் பார்ப்போம். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350. மாதம் 25 முழுப்பேர் விழுந்தால் 33,750. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழித்தால் 31,050. அரைப்பேர் போட்டால் அதுவும் இல்லை. அந்த 1,350 நாட்சம்பளத்தில் மகனின் ஒரு கட்டிலுக்கு அம்மா ஒன்பது நாள் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது.

“லயத்துக்குத்தான் வாடகை இல்லையே” என்கிறார்கள் துரைமார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா! வேலைக்குப் போகாவிட்டால் அதற்கும் கேள்வி வரும். இது இலவசமா? வாடகையை நாம் உழைப்பில் கட்டிக்கொண்டிருக்கிறோம். காணி உறுதியை விடாமல் கேட்பதும் இதனால்தான்.

அடுத்த சம்பளப் பேச்சுக்கு இந்தக் கணக்கையும் கொண்டுபோவோம். பிள்ளைகள் கட்டும் போர்டிங் காசைத் தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். பற்றுச்சீட்டு எவரும் தருவதில்லை. தொகையும் இடமும் போதும்.