கரை தெரியும் தூரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'கவிதை' என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்தார் மீது பிழையில்லை. 'தென்கடல் மரகதம்' என்ற தலைப்பில் ஒரு கவிதையை விழாக் குழுவிடம் நான் தந்ததும் உண்மை. மெய்ப்புப் பார்த்து முடித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் உண்மை. மலர்ப் பொறுப்பாளர் அதன் பின் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பக்கத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற அவரது கவலைக்கு ஈடாக, கவிதையை ஏன் திரும்பப் பெற்றேன் என்பதையாவது சொல்லிவிட விரும்புகிறேன். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படகுப் பயணத்தை முழுவதும் சொல்லியாக வேண்டும். உடன் வந்தவர்கள் பொறுத்தருள்க; வராதவர்கள் கேட்டருள்க.

பத்தாம் ஆண்டையொட்டி ஒரு மாதக் கூட்டத்தையேனும் நூலக அறைக்கு வெளியே நடத்துவோம் என்று முடிவாயிற்று. சிங்கப்பூரின் தென் தீவுகள் மூன்றை ஒரே நாளில் பார்த்து வருவது என்றும், வழியில் கவியரங்கம் என்றும் ஏற்பாடு. மெரினா சவுத் படகுத்துறையில் காலையிலேயே கூடிவிட்டோம். செயின்ட் ஜான்ஸ் தீவில் உணவுக்கடை கிடையாது என்று செயலாளர் மூன்று முறை எச்சரித்திருந்ததால், இருபது பேருக்கு நாற்பது பேர் உண்ணும் அளவுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்து சேர்ந்திருந்தன. அந்த மிகுதி பின்னர் பயன்பட்டது.

படகில் நாங்கள் மட்டும் இல்லை. தூண்டில்களோடு சிலர், கடற்கரைக் கூடாரங்களோடும் குழந்தைகளோடும் சில குடும்பங்கள், கூசு தீவுக் கோயிலுக்கு ஊதுவத்திக் கட்டுகளோடு சீன முதியோர் சிலர். பின் வரிசையில் நான்கு தமிழ் இளைஞர்கள். ஊரிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்கள். விடுமுறை நாள் என்பதால் புதுச்சட்டை அணிந்து, கைபேசியில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். எங்கள் கூட்டத்தின் தமிழைக் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். அவ்வளவுதான். பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்க்கும் நாம் அவர்களிடம் எழுந்து சென்று ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

செயின்ட் ஜான்ஸ் தீவு நகரிலிருந்து ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அரை மணிப் பயணம். ஒரு நீண்ட கவிதையை வாசித்து முடிக்கும் நேரம். மலாய் மக்கள் அதற்கு இட்ட பெயர் புலாவ் சகிஜாங் பெண்டேரா. 'கிஜாங்' என்றால் கேளையாடு. 'பெண்டேரா' என்றால் கொடி. சகிஜாங் என்ற ஒலியை ஆங்கிலேயர் செவி 'செயின்ட் ஜான்' என்று வாங்கிக்கொண்டது என்பர். கேளையாடு புனிதர் ஆனது. 1819 ஜனவரி 28 அன்று ராஃபிள்ஸ் நங்கூரமிட்டது இத்தீவுக்கு அருகில்தான். மறுநாள் அவர் சிங்கப்பூரில் கரையேறிவிட்டார். அவருக்கு ஓர் இரவுதான் காத்திருப்பு.

பின்னால் வந்தவர்களுக்கு அப்படி இல்லை. 1873இல் இங்கே காலரா பரவியதையடுத்து, 1874இல் அத்தீவில் நோய்த் தடுப்புக்கான குவாரண்டைன் நிலையம் அமைந்தது. சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் படுத்துறங்கி வந்த ஏழைப் பயணிகளின் கால் இந்நாட்டில் முதலில் பட்ட மண் அதுதான். அறை எடுத்து வந்தவர்கள் நேரே நகருக்குப் போனார்கள். பின்னர் அரசியல் கைதிகளையும் அங்கே வைத்தார்கள். பிற்காலத்தில் நம் அதிபரான தேவன் நாயர் 1951இல் அங்கே அடைக்கப்பட்டிருந்தவர். 1955இலிருந்து அபினிப் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கான மறுவாழ்வு நிலையம். 1975க்குப் பிறகு உல்லாசத் தலம். இவை அனைத்தும் நூல்களில் உள்ளவை, நானும் படித்திருந்தவை. படித்த பிறகுதான் 'தென்கடல் மரகதம்' எழுதினேன். ஒரு வரலாற்றைப் படித்து முடித்த கையோடு அதில் எதுவும் ஒட்டாத கவிதை ஒன்றை எழுத முடிந்தது எப்படி என்று இப்போது வியக்கிறேன்.

தீவில் இறங்கி, சவுக்கு மரங்களைக் கடந்து, கடலைப் பார்த்த மேட்டில் ஒரு பெரிய மர நிழலில் அமர்ந்தோம். பூனைகள் சில வந்து அவையில் முன்வரிசை பிடித்தன. மூன்றாவதாக என்னை அழைத்தார்கள். கவிதையில் தீவு ஒரு கன்னிப் பெண். கடல் அவள் உடுத்திய நீலப் பட்டு. அலை நுரை அதன் சரிகை. சரிகைக்குக் கைதட்டல் கிடைத்தது.

தட்டல் ஓய்ந்ததும் நம் மூத்த உறுப்பினர், நாம் எல்லாரும் அம்மா என்று அழைக்கும் அந்த அம்மையார், மெல்லக் கேட்டார்: "பட்டுன்னா சொன்னீங்க தம்பி? எங்கம்மா இந்தத் தீவுல ஒரு சேலையைப் பறிகொடுத்தா."

பத்தாண்டுகளில் அம்மையார் ஒரு கூட்டத்துக்கும் வரத் தவறியதில்லை. ஒரு முறையும் எழுந்து பேசியதில்லை. அன்று பேசினார்.

உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், ஆறு வயதுச் சிறுமியாக, தாயுடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். தந்தை தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார். மகளை அவர் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. இடையில் போர் வந்துவிட்டது. கணவரைச் சந்திக்கும் நாளில் உடுத்துவதற்கென்று தாயார் ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கப்பலில் பிரிக்காமலே வைத்திருந்தாராம். கப்பலிலிருந்து தொங்கானில் இறக்கித் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். மருந்துத் தண்ணீரில் குளியல். மூட்டை முடிச்சுகள் எல்லாம் கிருமி நீக்க நீராவிக்குப் போயின. திரும்பி வந்தபோது சேலையின் சிவப்பு இறங்கி வெள்ளைப் புள்ளிகளெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தன. கூடவே மடித்து வைத்திருந்த மகளின் வெள்ளைப் பாவாடையிலும் அந்தச் சாயம். "சாயம் போற சேலைக்கு யார் என்ன பண்ண முடியும்?" என்று சிரித்தார் அம்மையார். "ஆனா அம்மா அன்னைக்குத்தான் அழுதா. ஊரை விட்டு வரும்போதுகூட அழல."

கொட்டகையில் ஏழு இரவுகள் இருந்தார்களாம். இருட்டியதும் தாயும் மகளும் வெளியே வந்து நிற்பார்கள். எதிரே நகரத்து விளக்குகள் தெரியும். "அப்பா எந்த விளக்குல இருக்காரு?" என்று மகள் கேட்பாள். தாயார் ஒரு விளக்கைக் காட்டுவார். மறுநாள் இரவு மகள் மீண்டும் கேட்பாள். தாயார் வேறொரு விளக்கைக் காட்டுவார். நேற்று அது இல்லையே என்றால், "அப்பா வேலைக்கு எடம் மாத்திப் போயிருப்பாரு" என்பாராம்.

கவிஞர் பெருமக்களே, நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நாம் படித்திருக்கிறோம். நெய்தல் தலைவி கரையில் நின்று கடலைப் பார்ப்பாள். இந்தத் தாய் கடலுக்குள் நின்று கரையைப் பார்த்திருக்கிறார். அதற்கு நம் இலக்கணத்தில் துறை உண்டா என்று நம் தமிழாசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, இந்த வட்டத்தில் 'கடல்' என்ற தலைப்பில் நாம் நடத்திய போட்டிக்கு வந்த கவிதைகளில் அப்படி ஒருவரும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கோப்பை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன். அலை உண்டு, நிலா உண்டு, வாழ்க்கையே கடல் என்ற உவமை தாராளமாக உண்டு. நானும் அதில் ஒருவன், பரிசும் பெற்றவன்.

அம்மையார் பேசிக்கொண்டிருந்தபோது அந்த நான்கு இளைஞர்களும் சற்றுத் தள்ளி வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் அவர்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கடை இருக்கும் என்று நம்பி வந்திருந்தார்கள். இலை போட்டு, அவர்களை நம்மோடு உட்கார வைத்து, புளிச்சோற்றைத் தம் கையாலேயே பரிமாறினார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று அறிமுகம் செய்துகொண்ட இளைஞர் சிறிது நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏழு நாளு உள்ள இருந்தீங்களா ஆத்தா?"

"ஆமாப்பா."

"நாங்க 2020ல நாலு மாசத்துக்கு மேல இருந்தோம்."

அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலைக்கு வந்திருக்கிறார். அந்த ஏப்ரலில் கொரோனா தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது, அவரது விடுதியின் வாயிலும் மூடப்பட்டது. ஓர் அறையில் பன்னிரண்டு பேர். நான்காம் மாடித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் ஒரு பேருந்து நிறுத்தம் தெரியுமாம். ஆளில்லாத பேருந்து வந்து நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போகுமாம். "அதையே பாத்துக்கிட்டிருப்போம். எத்தனை வண்டி போச்சுன்னு பந்தயம் கட்டுவோம்."

"வீட்டுல சொன்னியாப்பா?"

"நல்லா இருக்கேன்னுதான் சொன்னேன். வீடியோவுல கூப்பிட்டா, செவத்துப் பக்கமா நின்னு பேசுவேன். கட்டிலெல்லாம் தெரியக்கூடாதுல்ல."

அம்மையார் தலையசைத்தார். "எங்கம்மாவும் ஊருக்கு அப்படித்தான் காகிதம் எழுதச் சொன்னா. சௌக்கியமா வந்து சேந்தோம்னு."

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார், வைத்தார். அந்த நான்கு மாதங்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் குறிப்பேட்டில் பார்த்தேன். இணையவழிக் கவியரங்கங்கள் நடத்தியிருக்கிறோம். 'வீட்டுச் சிறை' என்பது ஒரு மாதத் தலைப்பு.

லாசரஸ் தீவுக்குச் செயின்ட் ஜான்ஸிலிருந்து இணைப்புப் பாதை வழியாக நடந்தே போய்விடலாம். வளைந்த வெண்மணற்கரை, தெளிந்த நீர். இளையோர் குளித்தார்கள், மூத்தோர் கால் நனைத்தார்கள். அத்தீவைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. என் மனம் மேட்டு மர நிழலிலேயே இருந்தது.

பிற்பகலில் கூசு தீவு. கப்பல் உடைந்து தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற ஒரு பேராமை தீவாக மாறியது என்பது அங்குள்ள கதை. கீழே 1923இல் கட்டிய சீனக் கோயில்; குன்றின் மேலே மலாய்ப் புனிதர்களின் சமாதிகள். அவற்றை அடைய 152 படிகள். 2022 ஏப்ரலில் தீப்பிடித்து அச்சமாதித் தலம் பெரிதும் சேதமடைந்தது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வழிபடுவோர் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அன்று கூட்டமில்லை. அம்மையார் படியேறவில்லை. ஆமைக் குளத்தருகே அமர்ந்திருந்தார். துணைக்கு யாரை விடுவது என்று நாங்கள் யோசிப்பதற்குள் அந்தப் புதுக்கோட்டை இளைஞர், "நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க சார்" என்றார். இறங்கி வந்தபோது இருவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளங்களில் இப்போது தண்ணீர் இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது அம்மையார் படகின் முன்பக்கத்தில் நின்றார். எட்டாம் நாள் எங்கே கரையிறங்கினோம் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வளைவு வளைவான கூரையுள்ள ஒரு படகுத்துறை நினைவிருக்கிறது. அங்கே தந்தை நின்றிருந்தார். தாயார் அந்தச் சாயம் கலைந்த சேலையைத்தான் கட்டியிருந்தார். அது கிளிஃபர்ட் படகுத்துறையாக இருக்க வேண்டும் என்றேன். 1933இல் திறந்து, 2006இல் படகுப் போக்குவரத்தை நிறுத்திய துறை. கட்டடம் இன்னும் இருக்கிறது. ஆனால் படகில் அங்கே போக முடியாது. நாங்கள் ஏறி இறங்கும் மெரினா சவுத்தே அவர் வந்த காலத்தில் கடல். பின்னால் மண் கொட்டி நிரப்பிய நிலம். பழைய துறைக்கு முன்னிருந்த நீர்ப்பரப்பை 2008இல் அணை கட்டித் தடுத்து, நன்னீர் ஏரியாக்கிவிட்டார்கள். நீங்கள் வந்து இறங்கிய கடல் இப்போது குடிதண்ணீர், அம்மா என்றேன். அவர் நம்பவில்லை. "உப்பு போயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அன்றிரவு கவிதையை எடுத்துத் திருத்திப் பார்த்தேன். கன்னியை எடுத்தேன், மரகதத்தை எடுத்தேன், சரிகையை எடுத்தேன். ஏழு இரவுகளையும் விளக்குகளையும் சேர்க்கலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. அவை என்னுடையவை அல்ல. அம்மையார் உயிரோடு, நல்ல நினைவோடு, இதோ இந்த அவையில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும்போது அவற்றை நான் எடுத்துக்கொள்வது முறையாகாது. கவிதையில் மிச்சமிருந்தது தலைப்பு மட்டுமே. மறுநாள் காலை மலர்ப் பொறுப்பாளருக்குத் தொலைபேசினேன்.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் கவியரங்கத்தை நிறுத்தி வைத்து, அம்மையார் சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொள்வோம். கப்பலில் வந்த மூத்தோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முறை அடுத்தடுத்து வரும். அந்த இளைஞரையும் அழைத்திருக்கிறேன். சனிக்கிழமை வேலை முடிந்து குளித்துவிட்டு வர எட்டு மணியாகும் என்றார். நாம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிக்கும் வழக்கத்தை அன்று மாற்ற வேண்டியிருக்கும். நூலக அறையை ஒன்பதரை வரை தருகிறார்களா என்று செயலாளர் விசாரிக்க வேண்டும்.

அம்மையார் ஒரே நிபந்தனையோடு இசைந்திருக்கிறார். ஒலிபெருக்கி வைக்கக் கூடாதாம். அருகில் வந்து உட்கார்ந்து கேட்பதானால் சொல்கிறாராம்.