கூடிக் கேட்ட பாட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாம் விரும்பிக் கேட்ட இசையைப் பற்றிப் பேசும்படி பணிக்கப்பட்டுள்ளோம். பொருள் இனியது, ஆனால் இலேசானதன்று. சிறந்த பாட்டு எதுவென்று பத்துப் பெரியவர்களைக் கேட்டால் பத்துப் பாட்டைச் சொல்லுவர். அந்த வழக்கைத் தீர்க்க நாம் இங்கு வரவில்லை. அக்காலத்து இசை நம்மிடம் எவ்வாறு வந்தது, அதை நாம் எவ்வாறு பங்கிட்டுக்கொண்டோம், இனி அதை இளையோர் கையில் எவ்வாறு ஒப்படைப்பது என்னும் மூன்றையுமே சிந்திப்போம்.

முதலில் வானொலி. கொழும்பிலே 1925 இல் தொடங்கிய ஒலிபரப்பு 1949 இல் ‘றேடியோ சிலோன்’ என்று பெயர்பெற்றது. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1952 இல் இந்தியாவில் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் தரத்திற் குறைந்தது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கினார். அங்கே சாத்திய கதவு இங்கே திறந்தது. நம் வர்த்தக ஒலிபரப்பைத் தேடிப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் நேயர்கள் திரண்டனர். 1957 இல் விவித பாரதி தோன்றிய பின்னரும் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளிற் காலை வேளையில் ஒலித்தது இலங்கை வானொலியே. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலையும், பின்வந்த இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோர் குரல்களையும் இரு கரையாரும் தம் வீட்டார் குரலைப்போல் இனங்கண்டனர்.

அந்த அறிவிப்பாளர்கள் பாட்டை வெறுமனே சுழலவிட்டவர்கள் அல்லர். இன்ன படம், இயற்றியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார், பாடியவர் இன்னார் என்று சொல்லிய பின்னரே இசைத்தட்டு சுழலும். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாதவரும் கண்ணதாசனையும் கே. வி. மகாதேவனையும் பெயர்சொல்லிப் பேசியதற்கு இதுவே காரணம். ஒரு பாட்டுக்குப் பின்னே பலர் உழைப்பு இருக்கிறது என்பதை ‘பொங்கும் பூம்புனல்’ நமக்குத் தினந்தோறும் காலையிற் கற்பித்தது.

வானொலிப் பெட்டி அன்று வீட்டுக்கு வீடு இருந்ததில்லை. ஊரில் ஓரிரு வீட்டிலும், தேநீர்க் கடையிலும், வாசிகசாலையிலும் இருக்கும். ஆதலின் கேட்பது என்றாலே கூடிக் கேட்பதுதான். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதுவோர் தம் பெயரை மட்டுமா எழுதினர்? அண்ணன், மச்சாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று அட்டை கொண்ட மட்டும் எழுதுவர். பாட்டு மூன்று நிமிடந்தான். அதைக் கேட்க விரும்பினோர் பட்டியல் சிலவேளை அதைவிட நீளம்! பாட்டு ஒருவருடைய உடைமையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, எவ்வகை இசையைக் கேட்டோம்? 1964 இல் வெளிவந்த ‘கர்ணன்’ படத்துக்கு விசுவநாதனும் இராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்தனர். வீழ்ந்து கிடக்கும் கொடையாளிக்காகச் சீர்காழி கோவிந்தராஜன் பாடும் கண்ணதாசன் பாட்டைக் கேட்டுக் கண்கலங்காதவர் அரியர். மறு ஆண்டிலே அவ்விருவரும் பிரிந்தனர். அதே 1965 இல் வந்தது ‘திருவிளையாடல்’. செருக்குற்ற பாகவதருக்குப் பாலமுரளிகிருஷ்ணா குரல் கொடுத்தார். விறகு விற்பவராக வந்து அவரைத் தலைகுனியவைக்கும் இறைவனுக்கு டி. எம். சௌந்தரராஜன் குரல் கொடுத்தார். பாணபத்திரராக நடித்த டி. ஆர். மகாலிங்கமும், ஔவையாராக வந்த கே. பி. சுந்தராம்பாளும் தம் குரலாலேயே பாடினர். கச்சேரிக்குப் போக வசதியில்லாத ஏழை மக்களுக்கு இராகத்தின் சுவையை எடுத்து ஊட்டியவை இத்தகைய பாடல்களே எனலாம்.

1968 இல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் மதுரைச் சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுச்சாமியும் வாசித்த நாதசுவரத்தை யாழ்ப்பாணத்தார் கூர்ந்து கேட்டனர். ஏனெனில் திருவிழாக் காலத்திற் கோயில் வீதியில் இருந்து மேளக் கச்சேரி கேட்டுத் தேர்ந்த செவி அது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுவரமும், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும் கேட்டோரை விடியும்வரை மணலில் இருத்திவைத்தன. தெட்சணாமூர்த்தி 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்தவர்; அக்குறுகிய வாழ்நாளிலேயே தவில் பிறந்து வளர்ந்த தமிழ்நாடும் வியக்கும்படி வாசித்தார். 1960 இல் மருதனார்மடத்திலே தொடங்கிய இராமநாதன் சங்கீத அகாடமி நம் பிள்ளைகளுக்கு முறையான சங்கீதப் பயிற்சியை அளித்தது.

இவற்றோடு பொப்பிசையும் வந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவுக்கு வந்த பைலாவின் தாளத்திலே தமிழ்ச் சொற்களைத் துள்ளவிட்டார்கள் நம் இளைஞர்கள். நித்தி கனகரத்தினம் வீட்டுப் பேச்சுத் தமிழையே பாட்டாக்கினார். ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து போய் இந்தியாவிலும் ஒலித்தது. இந்தக் கூத்தெல்லாம் பாட்டா என்று அன்றைய மூத்தோர் முகஞ்சுளித்தனர் என்பதை இன்றைய மூத்தோர் மறத்தலாகாது. 1976 இல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜா அறிமுகமானபோது அதைக் கொண்டாடி வரவேற்றோர் இளையோரே. திரைப்பாடலையே தாழ்வாகக் கருதியவர்கள் முன்னர் இருந்தனர். கிராமத்து மெட்டைத் தாழ்வாகக் கருதியவர்கள் பின்னர் இருந்தனர். ஆதலால், ‘எங்கள் காலத்தோடு இசை முடிந்துவிட்டது’ என்று சொல்லும் உரிமை எந்தத் தலைமுறைக்கும் இல்லை. ‘பழைய பாட்டு நித்திரை வருத்தும்’ என்று கேளாமலே ஒதுக்கும் உரிமையும் அவ்வாறே இல்லை.

எழுபதுகளில் ஒலிப்பதிவு நாடா ஊர்களுக்குள் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட சிறு கசற் அது. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கடையிற் கொடுத்தால் அறுபது நிமிட நாடாவிற் பதிந்து தருவர். ஒருவர் பதிந்ததை ஊரெல்லாம் இரவல் வாங்கும். அதைவிடப் பெரிய பேறு ஒன்றும் வாய்த்தது. தம் ஊர்க் கோயிலின் மேளத்தையும், அண்ணாவியார் கூத்தையும், வீட்டுப் பாட்டியின் தாலாட்டையும் சாதாரண மனிதர் தாமே பதிந்துவைக்க முடிந்தது.

பின்னர் வந்த காலத்தை நீங்கள் அறிவீர்கள். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பற்றரிகளும் தடைசெய்யப்பட்டன. அப்பொழுதும் பாட்டு நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கம்பியிழுத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டனர். சுழற்றுபவர் கை தளர்ந்தால் சௌந்தரராஜன் குரலும் தளரும். அடுத்தவர் எழுந்து கை கொடுப்பார். பங்கிடுதல் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் எந்த அகராதியில் உண்டு?

இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் இசைத்தட்டும் நாடாவும் அழிந்தன. இன்று கைத்தொலைபேசியில் எந்தப் பாட்டும் ஒரு நொடியில் வருகிறது. இது பெரும் வசதி. இதைப் பழிக்க நாம் வரவில்லை. ஆயினும் ஒரே விறாந்தையிலே தாத்தா ஒரு மூலையிலும் பேரன் மறு மூலையிலும் காதில் குமிழை மாட்டிக்கொண்டு தனித்தனியே கேட்கிறார்கள். இருவரும் கேட்பது ஒரே பாட்டாகக்கூட இருக்கலாம், ஒருவருக்கொருவர் தெரியாது. பாட்டை அனுப்புவது எளிதாயிற்று. உடனிருந்து கேட்பது அரிதாயிற்று.

இளைஞர்களே, இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டுகிறோம். ‘கர்ண’னும் ‘திருவிளையாட’லும் நம் உதவியின்றியே வாழும், அவற்றின் பிரதிகள் உலகெங்கும் உள்ளன. நம் உதவியின்றி மாளப்போவன வேறு. யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில், பூசணம் பிடித்துக் கிடக்கும் நாடாவிலுள்ள பத்தாந் திருவிழா மேளத்துக்கு வேறு பிரதி இல்லை. நாடாவின்மேற் பூசப்பட்ட காந்தத் துகள் ஈரத்தால் உதிரும், சுருள் ஒட்டிக்கொள்ளும், உதிர்ந்த ஒலியை மீட்க எவராலும் இயலாது. அதைப் பதிந்தவரின் நினைவும் அத்தகையதே. எந்தக் கோயில், எந்த வருடம், வாசித்தவர் யார் என்று சொல்லக்கூடியவர் போய்விட்டால், நாடா தப்பினாலும் அது பெயரில்லாத சத்தமாகவே மிஞ்சும்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, மாதத்தில் ஒரு மாலை இந்த மண்டபத்தில் கூடிக் கேட்போம். ஒரு மூத்தவர் தமக்குப் பிடித்த பாட்டொன்றைக் கொண்டுவரட்டும். ஓர் இளையவர் தமக்குப் பிடித்த இக்காலப் பாட்டொன்றைக் கொண்டுவரட்டும். நம் பழைய அறிவிப்பாளர்கள் செய்ததுபோல, இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும், தாம் அதை விரும்பும் காரணத்தையும் முதலிற் சொல்லட்டும். பின்னர், பாட்டு முடியும்வரை எவரும் பேசாதிருப்போம். முடிந்தபின் எவ்வளவும் வாதாடலாம்.

இரண்டாவது, வீடுகளிலுள்ள நாடாக்களையும் இசைத்தட்டுக்களையும் தேடி, உரியவர் சம்மதத்தோடு, தொழில் தெரிந்தவரைக் கொண்டு கணினியிற் பதிவுசெய்வோம். மூலத்தை உரியவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுப்போம். பழுதான நாடாவை ஆசையால் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அறுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு நாடாவுக்கும் உரிய விபரத்தை மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்போம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்டுவரும்போது ‘உனக்கென்ன விளங்கும்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். கேட்டு வருகிற பிள்ளை நமக்குக் கிடைத்த கொடை.

நெல்லைப் பங்கிட்டால் குறையும். காணியைப் பங்கிட்டால் சிறுக்கும். பங்கிடப் பங்கிடப் பெருகுவனவற்றுள் பாட்டும் ஒன்று. டைனமோவைச் சுழற்றிய கைகள் பல இன்று முதுமையால் தளர்ந்துள்ளன. அடுத்தவர் எழுந்து கை கொடுக்க வேண்டிய வேளை இது. சங்கம் இப்பணியை இவ்வாண்டே ஏற்றுத் தொடங்கும் என நம்புகின்றோம்.