அல்காலின் எடை

தராசில் வைக்க முடியாத நட்சத்திரத்தின் நிறையை எப்படி அறிவது? அதற்குத் துணை நட்சத்திரம் ஒன்று கூடவே சுற்றினால் போதும்.

பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள அல்கால் என்ற நட்சத்திரம், ஏறக்குறைய 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை மங்கி மீளும். இங்கிலாந்தின் யார்க் நகரில், காது கேளாத 18 வயது இளைஞர் ஜான் குட்ரிக், 1783இல் இந்தக் கணக்கைச் சொன்னார். இருண்ட பொருள் ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம் என்றும் ஊகித்தார். என்ன கூர்மை, பாருங்கள்! 1889இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் அதை உறுதி செய்தார். நட்சத்திரம் நம்மை நெருங்கும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும்; விலகும்போது சிவப்புப் பக்கம். அந்த நகர்விலிருந்து வேகம் தெரியும்.

ஜோடியில் கனமானது மெதுவாகச் சுற்றும், இலேசானது விரைந்து ஓடும். இரண்டின் வேகமும் சுற்றும் காலமும் பாதையின் சாய்வும் கிடைத்தால் நிறை கைக்கு வந்துவிடும். ஒன்றையொன்று மறைக்கும் ஜோடிகளில் சாய்வும் தெரிந்துவிடுகிறது.

அல்காலில் ஒன்று சூரியனைப்போல் 3 மடங்கு கனம். மற்றது சூரியனைவிட இலேசு. கனமானதுதானே முதலில் மூப்படைய வேண்டும்? இங்கே மூப்படைந்து உப்பியிருப்பதோ இலேசானது! முன்பு அதுதான் கனமாக இருந்தது. உப்பியபோது தன் வாயுவைத் துணைக்கு இழந்துவிட்டது.