பத்திரம் எழுதுபவரைத் தேர்ந்தெடுத்தல்



வீடு வாங்குவதும் விற்பதும் பெரியவர்கள் காரியம். படிக்கின்ற பிள்ளைகளாகிய நமக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். என் ஊராகிய எம். புதுப்பட்டியில் நான் கண்டது வேறு. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் அச்சகத்திலும் உழைக்கும் ஒரு குடும்பம், பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் மனையோ வீடோ வாங்குகிறது. பத்திரம் எழுதி முடிந்ததும் தாயும் தந்தையும் அதை யாரிடம் நீட்டுகிறார்கள்? வீட்டில் படித்த பிள்ளையிடம். "சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்கிறார்கள். அந்தப் பிள்ளை நீங்கள்தாம். ஆதலின் பத்திரம் எழுதுபவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

ஆவணத்தை ஆராயும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பெரிய புராணத்தில் சுந்தரர் வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை அவரிடம் பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூல ஓலையை வாங்கிப் படித்ததோடு அமையவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புக் கூறினர். படியை நம்பாதே, மூலத்தைக் கேள். மூலத்தையும் வேறொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார் என்னும் பாடம் சேக்கிழார் காலத்திலேயே நம்மிடம் இருந்தது.

இனி, இக்காலத்து நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் தமக்கென்று ஒரு சொலிசிட்டரை அமர்த்திக்கொள்கிறார். 1985இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சொத்து மாற்றத்தை மட்டும் கவனிக்கும் உரிமம் பெற்ற வேறொரு வகுப்பினரும் அங்கே தோன்றினர். நம் நாட்டுச் சிற்றூர்களில் அந்த இடத்தில் இருப்பவர் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தர். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் விதிகளின்படி அவர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வழக்கறிஞரும் பத்திரம் எழுதித் தரலாம்.

இவ்விடத்தில் ஒரு பெரிய தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "பத்திரம் பதிவாகிவிட்டது, இனிச் சொத்து நம்முடையதே" என்று பலர் நம்புகின்றனர். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அரசின் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பிணை. நம் நாட்டு முறை அதுவன்று. நம் மாநிலத்தில் பதிவுத் துறை 1864ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. அங்கே பதிவாவது ஆவணமே அன்றி உரிமை அன்று. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலங்களின் கிரயம் பதிவு பெற்ற பத்திரத்தால்தான் நிறைவேறும். ஆயினும் விற்றவருக்கு இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தராது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே எடுத்துரைத்தது. அவ்வாறாயின், உரிமையை ஆராயும் பொறுப்பு யாருடையது? வாங்குபவருடையது, அவர் நம்பி அமர்த்தும் ஆலோசகருடையது. தேர்வு முக்கியமாவது இதனால்தான்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை; கைப்பொருள் கொடுத்துக் கற்றேன். 1999ஆம் ஆண்டில், உதவியாசிரியனாக இருந்தபோது, எங்கள் ஊரில் ஒரு சிறு வீட்டை வாங்கினேன். அதைக் கட்டியவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தார். அவர் மனைவியும் முன்பே காலமாகிவிட்டார். இரண்டு ஆண் மக்கள் விற்க முன்வந்தனர். அவர்களுக்கு ஒரு தங்கை உண்டு. மணமாகி வெளியூரில் வாழ்ந்தார். நான் பணியாற்றிய பள்ளியில் படித்த பெண்தான் அவர். பத்திரம் எழுதியவரும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தவரே. "அந்தப் பிள்ளைக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, சார். கையெழுத்தெல்லாம் எதற்கு? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இறந்தவருக்கு இரண்டு ஆண் மக்களைத் தவிர வேறு வாரிசு இல்லை என்று பத்திரத்தில் எழுதினார். அதை நான் படித்தேன். பிறர் எழுத்தில் பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நான், அந்தப் பெரும் பிழையைப் படித்தும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு ஒரு மாலையில் அந்தப் பெண் என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. "சார், இது எங்கள் அப்பா கட்டிய வீடு. என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களுமா?" என்றார். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. மறுநாள் விருதுநகரில் ஒரு வழக்கறிஞரைக் கண்டேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை தாமே ஈட்டிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அவர் பங்கு மூன்றில் ஒன்று. நீதிமன்றம் சென்றால் வெல்வார் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அந்தப் பங்குக்குரிய விலையைக் கடன் வாங்கிக் கொடுத்து, அவரிடம் தனியே ஒரு கிரயப் பத்திரம் பெற்றேன். ஒரு பங்குக்கு இருமுறை விலை கொடுத்தது எனக்கு நட்டமே. ஆனால் அது அநியாயமான நட்டம் என்று இன்றுவரை நான் எண்ணியதில்லை.

மாணவிகள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்திலும், 1989இல் தமிழ்நாடு இயற்றிய திருத்தம் அதுவரை மணமாகாத பெண்களுக்குப் பிறப்புரிமை தந்தது. 2005இல் மைய அரசின் திருத்தம் மணமான பெண்களுக்கும் அதை விரித்தது. "சீர் செய்தாயிற்று" என்பது உலக வழக்கு. சட்டத்தில் அது பங்கைக் கொடுத்ததாகாது.

இந்த அனுபவத்திலிருந்து நான் வகுத்துக்கொண்ட சில விதிகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, உரிமம். பத்திரத்தைத் தயாரித்தவர் தம் பெயரையும் உரிம எண்ணையும் அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "நான் எழுதித் தருகிறேன், பெயர் வேண்டா" என்பவரிடம் நமக்கும் வேலை வேண்டா.

இரண்டாவது, அவர் யாருடைய ஆள்? தரகர் அழைத்து வந்த எழுத்தர் தரகருக்கே கடமைப்பட்டவர். வியாபாரம் முடிந்தால்தான் இருவருக்கும் வரும்படி. எழுத்து வேலையை ஒருவரே இரு தரப்பாருக்கும் செய்யலாம். உரிமையை ஆராய்வதற்கு மட்டும் வாங்குபவர் தமக்கென்று தனியே ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்வதே முறை.

மூன்றாவது, அவர் கேட்கும் கேள்விகள். நல்ல மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து எழுதார். நல்ல எழுத்தரும் நாள் குறிக்குமுன் தாள் கேட்பார். தாய்ப்பத்திரத்தின் மூலம் எங்கே, 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தீர்களா, பட்டா யார் பெயரில் உள்ளது, புலப்படம் உண்டா, வரி ரசீது உண்டா, முன்னவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எங்கே என்று அடுக்குவார். அவரைத் தொல்லை பிடித்தவர் என்று எண்ணாதீர்கள். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரே ஐயுறத் தக்கவர்.

ஒவ்வொரு தாளின் எல்லையையும் அறிய வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையும் நடந்துகொண்டிருக்கும் வழக்கையும் அதில் காண முடியாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் தாள். அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. மூலப் பத்திரம் எங்கோ அடகில் இருக்கவும் கூடும். ஆகையால் படியோலையைப் பார்த்து மகிழாமல் மூல ஓலையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றி நீங்களே பார்க்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் மாணவர் இந்த உதவியையாவது பெற்றோருக்குச் செய்யலாம்.

நான்காவது, உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்னும் கேள்வி. உள்ளூர்க்காரருக்கு நிலம் தெரியும். இந்த மனை முன்பு கண்மாய்க்குத் தண்ணீர் வந்த ஓடை, அது புறம்போக்கு, இது கோயில் நிலம், இன்னது பஞ்சமி நிலம் என்று நின்ற இடத்தில் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பட்டாசு ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே குறித்த தூரம் இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. மலிவாகக் கிடைக்கும் மனைக்கு அருகே என்ன ஆலை இருக்கிறது என்பது வெளியூர் வழக்கறிஞரின் மேசையில் தெரியாது. உள்ளூர் எழுத்தருக்குத் தெரியும். ஆனால் உள்ளூர்க்காரருக்கு நிலம் தெரிவதுபோலவே தாட்சணியமும் உண்டு. என் பத்திரத்தைக் கெடுத்தது அறியாமை அன்று, தாட்சணியமே. அவருக்கும் அந்தத் தங்கையைத் தெரியும்; எனக்கும் தெரியும். அண்ணன்மாரைச் சங்கடப்படுத்த இருவரும் விரும்பவில்லை. ஆகவே நிலத்தை உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். உரிமையை, உங்கள் ஊர் உறவுகளுக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாவது, கூலி. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? இன்று தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்த்து 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 20 இலட்ச ரூபாய் மதிப்பென்றால் 1,80,000 ரூபாய் அரசுக்குச் செலுத்த வேண்டும். 10 இலட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும் என்னும் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. இவ்வளவும் அரசுக்கு உரியது. எழுத்தர் கூலி வேறு. அதை முன்னரே பேசி, ரசீது பெறுக. "மேற்செலவு" என்று பெயரில்லாத ஒரு தொகையை எவரேனும் கேட்டால், அது எதற்கு என்று கேட்கும் துணிவு வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு சொல். முழுப் பணமும் கைக்கு வருமுன் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் என்று நீட்டும் தாளில் படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள். வாங்குபவரும் அறிக: அதிகாரப் பத்திரத்தை வாங்கிக்கொண்டதால் மட்டும் சொத்து தமதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதியாகக் கூறியிருக்கிறது.

கடைசி விதி உங்களுக்கே உரியது. பதிவு நாளன்று அலுவலக வாசலில் அவசரமாகப் படிப்பது படிப்பாகாது. எழுத்தரிடம் வரைவை இரண்டு நாள் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். அதை மறுப்பவர் உங்களுக்கு ஏற்றவர் அல்லர். இரவில் வீட்டில் அமர்ந்து, தாய் தந்தையர் கேட்க, ஒரு வரி விடாமல் உரக்கப் படியுங்கள். புல எண், அளவு, நான்கு எல்லை, பாதை உரிமை, வாரிசுகளின் பெயர் ஆகிய ஒவ்வொன்றிலும் நிறுத்தி, "இது உண்மையா?" என்று கேளுங்கள். அன்று நான் அந்த ஒரு வரியில் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், ஒரு பெண் என் திண்ணையில் வந்து அப்படி நின்றிருக்க மாட்டார்.

எழுதப் படிக்கக் கற்பது தேர்வுக்காக மட்டும் அன்று. உங்கள் பெற்றோர் ஒப்பமிடும் தாளில் பொய் இருந்தால், அதைப் பொய் என்று சொல்லுவதற்காகவும்தான்.